20 கெஜத்தில் கருங்கரடி: .44 மேக்னத்துக்கு எந்தத் தோட்டா?

ஆறங்குல_பேரல்:
ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், இரை வைத்துக் கரடி வேட்டையாடும் அமெரிக்காவின் மேய்ன் மாநில இரைவைப்புப் பருவத்துக்கு அனுமதிச் சீட்டு எடுத்தாயிற்று. மர மேடையிலிருந்து இரை வைத்த டிரம் 20 கெஜம். துப்பாக்கி 6 அங்குல பேரல் (குழாய்) உள்ள .44 மேக்னம், டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர். கையில் இரண்டு வகைத் தோட்டா இருக்கிறது: 240 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஹாலோ பாயின்ட், அதாவது மூக்கில் குழியுள்ள, விரியும் குண்டு; 300 கிரெய்ன் ஹார்ட் காஸ்ட், அதாவது விரியாத கடின ஈய வார்ப்புக் குண்டு. எது சரி? 10 மி.மீ. கிளாக் 20 பிஸ்டலும் இருக்கிறது. ரிவால்வரை விட்டுவிட்டு அதை எடுத்துப் போகலாமா?

தடம்பார்ப்பவன்:
முதலில் அந்த ஹாலோ பாயின்ட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஹாலோ பாயின்ட் என்பது ஒரே பொருள் இல்லை. தற்காப்புக்கென்று செய்த 180, 200 கிரெய்ன் குண்டு முதல் சில அங்குலத்திலேயே காளானாய் விரிந்து நின்றுவிடும். முன்சப்பை எலும்பில் பட்டால் இன்னும் மோசம்: மேலே பெரிய காயம், நுரையீரல் பத்திரம். வேட்டைக்கென்றே தடித்த ஜாக்கெட்டோடு (ஈயத்தின் மேல் போர்த்திய உலோகப் போர்வை) வரும் 240 கிரெய்ன் வேறு சாதி. அது மெதுவாக விரிந்து உள்ளே போகும்.

ரைஃபிள் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ரிவால்வர் குண்டு வினாடிக்கு 1,200 - 1,300 அடி வேகத்தில்தான் போகிறது. அந்த வேகத்தில் சுற்றுத் தசை கிழியாது. குண்டு தொட்ட இடம் மட்டும்தான் அழியும். அதனால் துளை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பது மட்டுமே கேள்வி. குண்டின் ஆற்றலைச் சொல்லும் அடி-பவுண்ட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 240 கிரெய்ன் 1,250 அடியில் சுமார் 830 அடி-பவுண்ட், 10 மி.மீ. 220 கிரெய்ன் 1,200 அடியில் சுமார் 700. இந்த இடைவெளியில் கரடி விழுவதில்லை. குண்டின் அமைப்பில்தான் விழுகிறது.

கரடியிடம் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. தோலுக்கடியில் கொழுப்பு, மேலே நீள ரோமம். நுழைந்த துளையைக் கொழுப்பு அடைத்துக்கொள்ளும், கசிவதை ரோமம் உறிஞ்சிக்கொள்ளும். குண்டு மறுபக்கம் வெளியே வராவிட்டால் தரையில் ரத்தத் தடம் கிடைப்பது அதிர்ஷ்டம். மேடையிலிருந்து சுடும்போது வெளித்துளை தாழ்வாக அமையும். தடம் அங்கிருந்துதான் சொட்டும். ஆகவே என் ஓட்டு 300 கிரெய்ன் ஹார்ட் காஸ்டுக்கு. ஆனால் மூக்கு அகலமாகத் தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை மூக்கு ஈயமோ முழு ஜாக்கெட் குண்டோ வேண்டவே வேண்டாம். ஊசி குத்தியது போலப் போய்விடும், உள்ளே வழியும் மாறும்.

சாஃப்ட்பாயின்ட்_கட்சி:
மேலே சொன்னதில் பாதிக்கு மேல் சரி. முடிவு மட்டும் ஒப்பவில்லை. ஹார்ட் காஸ்ட் மீதுள்ள பக்தி பழுப்புக் கரடியிடமிருந்து வந்தது: எதிரே ஓடிவரும் பெரிய மிருகம், மண்டையும் சப்பையும் உடைய வேண்டும். உங்களுடையது பக்கவாட்டில் நின்று தின்றுகொண்டிருக்கும் கருங்கரடி. குண்டு கடக்க வேண்டியது விலா எலும்பும் இரண்டு நுரையீரலும். அதற்கு 240 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் (மூக்கில் ஈயம் வெளியே தெரியும், விரியும் குண்டு), அல்லது ஈயமும் ஜாக்கெட்டும் ஒட்டவைத்த பாண்டட் குண்டு போதும். அகலமான துளை, அநேகமாக வெளித்துளையும் கிடைக்கும். ஹார்ட் காஸ்ட் விரியாமல் ஊடுருவிப் போனால் கரடி இன்னும் நூறு கெஜம் ஓடும். புதர்க்காட்டில், இருட்டில், அது சின்ன தூரம் இல்லை.

ஹார்ட் காஸ்டிலும் கடினம் கூடக்கூட நல்லது என்று எண்ண வேண்டாம். பிரினெல் என்னும் கடின அளவில் 15 முதல் 20 வரை சரி. அதற்கு மேலே போகும் உலோகக் கலவை எலும்பில் பட்டால் கண்ணாடி மாதிரி உடையும்.

இன்னொன்று: எங்கே குறி வைப்பது. மானுக்குப் போலத் தாழ்வாக வைத்தால் தவறிவிடும். வயிற்றுக்குக் கீழே தொங்கும் ரோமம் உடம்பாகத் தெரியும். உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே நகரும்வரை பொறுத்திருந்து, சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் வையுங்கள். டிரம்முக்கு மிக அருகில் மிக உயர மேடை போட்டால் கோணம் செங்குத்தாகி ஒரே ஒரு நுரையீரல்தான் அடிபடும். அந்தத் தவறை எந்தத் தோட்டாவும் ஈடுகட்டாது.

காலிப்பர்:
இரண்டு பேரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தத் தோட்டா அந்த ரிவால்வரில் ஆறு முறை ஒழுங்காக வெடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

கனமான குண்டு, பலமான உதைப்பு. உதைக்கும்போது சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் உறை பின்னால் இழுபடும். குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கிரிம்ப் (குண்டைப் பிடிக்க உறையின் வாயை உள்ளே மடித்து இறுக்குவது) தளர்வாக இருந்தால் குண்டு உறையிலிருந்து மெல்ல முன்னே நழுவும். சிலிண்டர் முகத்துக்கு வெளியே நீட்டினால் முடிந்தது: சிலிண்டர் சுழலாது, இரண்டாவது சூடு கிடையாது. எடை குறைந்த ரிவால்வரில் இது அதிகம்.

சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்து, அடியில் மார்க்கர் புள்ளி வைத்துச் சிலிண்டரில் போடுங்கள். மற்ற ஐந்தையும் சுடுங்கள். புள்ளி வைத்ததைச் சுடாமல் எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நகர்ந்தால் கவலையில்லை. ஆயிரத்தில் பத்தைத் தாண்டினால் அந்தத் தோட்டாவை ஒதுக்குங்கள். .44 மேக்னத்தின் அதிகபட்ச மொத்த நீளம் 1.610 அங்குலம், சில கனத் தோட்டாக்கள் அதையும் மீறி, நீள சிலிண்டர் உள்ள துப்பாக்கிக்கென்றே வரும். எந்த ரிவால்வருக்கு ஆகாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள்.

10 மி.மீ. பிஸ்டலில் கோளாறு நேர் எதிர். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) ஏற்றி இறக்கினால் குண்டு உறைக்குள் அமுங்கும், அழுத்தம் எகிறும். மேலே இருக்கும் தோட்டாவை மாற்றி மாற்றி வையுங்கள். கிளாக்கின் பேரல் பலகோண வகை. ஜாக்கெட் இல்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்று கையேடே சொல்கிறது. ஹார்ட் காஸ்ட் சுடத்தான் வேண்டுமென்றால் வழக்கமான ரைஃப்லிங் (உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளம்) உள்ள பேரல் வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவு எதற்கு? ரிவால்வரையே எடுத்துப் போங்கள்.

கடைசியாகக் குறி. 240-லிருந்து 300-க்கு மாறினால் குண்டு பொதுவாக மேலே போய்ப் படும். கனமான குண்டு பேரலில் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் துப்பாக்கி மூக்கைத் தூக்கிவிடுகிறது. சைட்டை மறுபடி சரி செய்யாமல் காட்டுக்குப் போகாதீர்கள். மேடையில் உட்காரும் அதே நிலையில், 20 கெஜத்தில், ஆறும் 6 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். 300-ல் விழாமல் 240-ல் விழுகிறது என்றால் விவாதம் அங்கேயே முடிந்தது.

தடம்பார்ப்பவன்:
கடைசி வரிக்கு நானும் உடன்படுகிறேன். பக்கவாட்டு நிலைக்கு மட்டும் காத்திருக்கும் பொறுமை இருந்தால் சாஃப்ட் பாயின்ட் போதும். ஈயம் ஆகாத இடங்களும் உண்டு: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, முழுத் தாமிரம் போன்ற ஈயமில்லாக் குண்டுதான். எல்லை தாண்டி நியூ பிரன்ஸ்விக் போகும் எண்ணமிருந்தால் ரிவால்வரை மறந்துவிடுங்கள். கனடாவில் கைத்துப்பாக்கி வேட்டைக்கே இடமில்லை.

ஆறங்குல_பேரல்:
240 சாஃப்ட் பாயின்டில் நிற்கிறேன். பழகுவதற்கு .44 ஸ்பெஷல் (மேக்னத்தைவிட வலு குறைந்த தோட்டா) போட்டுச் சுடலாமா?

காலிப்பர்:
தாராளமாக. உறை குட்டை, அதே சிலிண்டரில் பொருந்தும். ஆனால் நிறையச் சுட்டபின் அந்தக் குட்டை உறையின் வாய் முடியும் இடத்தில் சேம்பருக்குள் கரி வளையம் கட்டும். மேக்னம் தோட்டா அதில் முட்டிக்கொண்டு முழுசாக உள்ளே இறங்காது. சுட்ட உறையும் ஒட்டிக்கொள்ளும். பருவத்துக்கு முன்னால் ஆறு சேம்பரையும் வெண்கலப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மேக்னம் தோட்டா தன் எடையிலேயே ‘டக்’கென்று விழுகிறதா என்று பாருங்கள். கடைசி முப்பது நாற்பது சூட்டை வேட்டைத் தோட்டாவிலேயே சுடுங்கள், காதுக் கவசத்தோடு. ஸ்பெஷலுக்கும் மேக்னத்துக்கும் குறி ஒரே இடத்தில் விழாது.