அப்டேட்: பழைய டர்போ கார் குதிக்கிற மேட்டர்

போன தடவ சொன்னேன்ல, ஆக்சிலேட்டர லேசா தொட்டாலே வண்டி குதிக்குது, வேலூர் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல ஊர்ந்து போறதுக்குள்ள கழுத்து வலிச்சுடுதுன்னு, அது இப்ப பெரும்பாலும் சரியாயிடுச்சு. டர்போதான்னு நெறைய பேர் சொன்னீங்க, ஆனா இன்ஜின் அவ்ளோ மெதுவா சுத்துறப்ப (கம்மி ஆர்பிஎம்) டர்போ தள்ளுற கூடுதல் காத்தழுத்தம், அதாவது பூஸ்டே பெருசா வராதுங்க.

சத்துவாச்சாரி மெக்கானிக் அண்ணன் ஆக்சிலேட்டர் பெடல்லேர்ந்து இன்ஜினுக்குப் போற திராட்டில் கேபிள விரலால ஆட்டிக் காட்டினாரு, தொளதொளன்னு கெடக்கு, பெடல் மொதல்ல சும்மா போயி அப்புறம் டக்குனு இழுக்குது. லாக் நட்ட தளர்த்தி அட்ஜஸ்டர திருப்பி துளி ஆட்டம் மட்டும் விட்டு டைட் வச்சாரு, ஆட்டமே விடாம முழுசா இழுத்துட்டா ஐடில் (பெடல் மிதிக்காதப்ப இன்ஜின் ஓடுற வேகம்) ஏறிடும். இன்ஜினுக்குள்ள காத்த விடுற பட்டர்ஃபிளை தகடு ஓரத்துல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு வேற, இன்ஜின் ஆவி வெளியேறுற பிரீதர் குழாய்ல வர்ற ஆயில் ஆவிதான், அதையும் கிளீனர் போட்டு துடைச்சாச்சு. அந்த தகடு எதுவரைக்கும் மூடணும்னு நிறுத்துற ஸ்டாப் ஸ்க்ரூவ மட்டும் திருகாதீங்க, தகடு எவ்ளோ திறந்திருக்குன்னு பாக்குற சென்சார் அளவு மாறிடும்.

பாகாயம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், ரெண்டாவது கியர்ல இன்னும் லேசா உதறுது, அடுத்து இன்ஜின தாங்கிப் பிடிக்கிற இன்ஜின் மவுண்ட் பாக்கணும்.