முனியறைப் பாறையில் தீத்தடுப்புப் பணி: எப்போது தொடங்குவது, எதை விட்டுவைப்பது?

பாம்பாற்றங்கரை (மறையூர்)

அனைவருக்கும் வணக்கம். மறையூரில் முனியறைகள் (பழங்காலக் கல்திட்டைகள்) நிற்கும் பாறைச்சரிவையும், அதற்குக் கீழே உள்ள பொதுத்திடலையும், ஆற்றோர மரத்தோப்பையும் கோடை முடியும் வரை தீயிலிருந்து காக்கும் பணி, எங்கள் இளைஞர் குழுவைச் சேர்ந்த ஆறு பேருக்கு இந்த ஆண்டு தரப்பட்டுள்ளது. எங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும். இந்த வேலையின் நுணுக்கம் தெரியாது.

சென்ற ஆண்டு இதே பணியை ஓர் ஒப்பந்தக்காரர் மார்ச் மாதத்தில் செய்தார். சரிவு முழுவதும் இருந்த புல்லை ஒரே வாரத்தில் அறுத்துக் குவித்து, நண்பகலில் தீ வைத்தார். காற்று திரும்பியதும் குவியலில் இருந்த தீ மேட்டுப் புல்லில் ஏறி, முனியறைகளைச் சுற்றியிருந்த இடம் முழுவதும் கருகியது. மறுநாள் நான் அங்கே சென்றபோது, வெந்துபோன முட்டைகளை இரண்டு இடங்களிலும், ஒரு நட்சத்திர ஆமையின் ஓட்டை ஓரிடத்திலும் கண்டேன். தீயைத் தடுக்கவென்று செய்த வேலையே அவற்றைக் கொன்றுவிட்டது என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் சருகு, புல் எதையும் விடாமல் வழித்துவிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் குழுவில் சிலர் எதையும் தொடாமல் காவல் மட்டும் இருந்தால் போதும் என்கிறார்கள். வேலையை எந்த மாதத்தில் தொடங்க வேண்டும், அறுத்த புல்லை என்ன செய்ய வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அமராவதிப் பழையவர் (உடுமலை)

தம்பி, சின்னாற்றுக்கு இந்தப் பக்கம் அமராவதி வனச்சரகத்தில் பல கோடைகள் தீத்தடுப்புக் காவலராக வேலை பார்த்தவன் நான். உங்கள் மண்ணும் எங்கள் மண்ணும் ஒரே மழைமறைவுப் பகுதிதான். மூணாற்றில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதும் நமக்குச் சாரல்தான் கிடைக்கும். நம் புல்லை வளர்ப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த மழை ஓய்ந்து, புல் பாதி பச்சையும் பாதி பழுப்புமாக நிற்கும் மார்கழியின் பிற்பகுதியே தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கு ஏற்ற காலம். அப்போது வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது குறைவு. காலையில் பனி இருப்பதால் தற்செயலாகப் பொறி விழுந்தாலும் ஓடாது. மார்ச்சில் தொடங்குவது, வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுவது போன்றது.

சரிவு முழுவதையும் வழிக்க வேண்டிய தேவையே இல்லை. தீத்தடுப்புக் கோடு என்பது தீக்குத் தின்ன எதுவும் கிடைக்காத ஒரு பட்டை; அதில் மண் தெரிய வேண்டும். அகலத்தைப் பொறுத்தவரை, பக்கத்தில் நிற்கும் புல்லின் உயரத்தில் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது என்பது அடிப்படைக் கணக்கு. சரிவிலும், சாலையை ஒட்டிய இடங்களிலும் அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். வனத்துறையில் இடத்துக்கேற்ப மூன்று மீட்டர், ஆறு மீட்டர் என்று வெட்டுவோம். பத்து மீட்டர் அகலத்துக்கு அறுத்துவிட்டு அடிச்சருகை அப்படியே விடுவதைவிட, மூன்று மீட்டர் அகலத்தில் மண் தெரியச் செதுக்குவது மேலானது. தீ அந்த அடிச்சருகு வழியாகத்தான் ஊர்ந்து அப்புறம் போகும்.

உங்கள் இடத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. முனியறைகள் நிற்பது வெறும் பாறைப் படுகையில். அந்தப் பாறையும், ஒற்றையடிப் பாதையும், ஓடையும் ஏற்கெனவே பாதிக் கோடு. நீங்கள் செய்ய வேண்டியது அவற்றுக்கு இடையிலுள்ள புல் இடைவெளிகளை இணைப்பதுதான். முதலில் ஒரு நாள் அரிவாளை எடுக்காமல் ஆறு பேரும் நடந்து பாருங்கள். எத்தனை அடி வெட்ட வேண்டியதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும். டிசம்பரில் செதுக்கிய கோடு பிப்ரவரியில் சருகால் மூடிவிடும். வாரம் ஒரு முறை கூட்டாத கோடு, கோடே அல்ல.

அறுத்த புல்லை எரிக்காதீர்கள். மாட்டுக்குக் கொடுங்கள்; மிஞ்சுவதைத் தோட்டத்து மரங்களின் அடியில் மூடாக்காகப் போடுங்கள். தீக்கு மேடு என்றால் ஏணி போட்டதுபோல. சரிவு பத்து பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பகலில் மலைக்காற்றும் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கியே வீசும். சென்ற ஆண்டு நடந்தது இதுதான். சின்னாறு வனவுயிர்ச் சரணாலய எல்லைக்குள் என்றால், அதற்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதையும் எரியும் தீயை அப்படியே விட்டுச் செல்வதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடை செய்கிறது. எல்லை உங்கள் திடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் உயிரைப் பற்றிச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களைச் சரிவுப் புல்லில் தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் மலைக்குப் புதியவர்கள் என்று சொல்லி நாம் ஆறுதல் அடைய முடியாது. 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் இறந்த மூவரும் தீயை அணைக்கச் சென்ற வனத்துறைக் காவலர்கள். எரியும் சரிவுக்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள். ஒருவர் வேலை செய்யாமல், காற்றையும் புகையையும் பார்ப்பதற்கென்றே உயரமான பாறையில் நிற்க வேண்டும். எந்த வழியாக ஓடுவது என்பது தீயைத் தொடுவதற்கு முன்பே ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே எரிந்து ஆறிய இடமும் வெறும் பாறையும் பாதுகாப்பானவை. உயர்ந்த புல் நிற்கும் பள்ளமும் ஓடைச்சந்தும் சாவுக்குழிகள்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்துவிடும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். இந்திய வன அளவாய்வு நிறுவனம் கைப்பேசிக்கு அனுப்பும் எச்சரிக்கை பயனுள்ளதுதான். பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செயற்கைக்கோளில் உள்ள கூர்மையான கருவிக்கே படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர்; அது நம் தலைக்கு மேல் வருவது நண்பகலும் நள்ளிரவும் கடந்த ஒன்றரை மணி அளவில். மூன்று மணிக்குப் பற்றும் புல் அடுத்த முறை அது வருவதற்குள் சாம்பலாகிவிடும்.

கௌதாரி (போடிநாயக்கனூர்)

முன்னவர் கூறிய காலக்கணக்கு பறவைகளுக்கும் பொருந்துகிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். பத்தாண்டுகளாக எல்லையோரப் புல்வெளிகளில் பறவைகளைக் கவனித்து வருகிறேன். காட்டுக்கோழி, பக்கி, ஆள்காட்டி ஆகியவை தரையிலேயே முட்டையிடுபவை. நம் பகுதியில் பிப்ரவரிக்குப் பிறகு கோடை முழுவதும் இது நடக்கும். ஆகவே செதுக்கும் வேலை ஜனவரிக்குள் முடிந்துவிட்டால் பெரும்பாலான கூடுகள் தப்பும். பாம்பாற்றங்கரை நண்பர் கண்ட முட்டைகளுக்கு நேர்ந்தது, வேலை தவறான மாதத்தில் நடந்ததன் விளைவே.

பிப்ரவரிக்குப் பிறகும் கோட்டைக் கூட்ட வேண்டியிருக்குமே என்று கேட்கலாம். அதற்கு முந்தைய மாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அருகில் முட்டையோ குஞ்சோ உண்டு. வழக்கமாக நான்கு முட்டைகள், கூழாங்கல் நிறத்தில் இருக்கும். பக்கியைக் கண்டுபிடிப்பது கடினம். அது கூடு கட்டுவதே இல்லை. சருகின் மேல் இரண்டு முட்டைகளை வைத்துவிட்டு, நாம் மிதிக்கும் வரை அசையாமல் அமர்ந்திருக்கும். அந்தி மங்கிய பிறகு கைவிளக்கைத் தரையோடு நீட்டிப் பார்த்தால் அதன் கண் கனல்போல் மின்னும். முட்டை கிடைத்தால் அதன் அருகில் கொடி நட வேண்டாம். காகமும் கீரியும் அடையாளத்தை நம்மைவிட விரைவாகக் கற்றுக்கொள்ளும். பத்து அடி தள்ளி இரண்டு கற்களை அடுக்கிவிட்டு, அந்த இடத்தில் கோட்டை வளைத்துக்கொண்டு போங்கள்.

ஆற்றோரத் தோப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். சாம்பல் நிற மலை அணில் சின்னாற்றிலும் பாம்பாற்றிலும் கரையோர மரங்களை நம்பியே வாழ்கிறது; தரையில் இறங்காமல் கிளை விட்டுக் கிளை தாவிச் செல்லும் விலங்கு அது. கோட்டுக்காகத் தரையில் உள்ள சருகை வாருங்கள், தாழ்ந்த உண்ணிச்செடிப் புதரை அகற்றுங்கள்; உண்ணிச்செடி தரைத் தீயைக் கிளைக்கு ஏற்றிவிடும். ஆனால் மேலே ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கிளைகளை வெட்டி இடைவெளி உண்டாக்கிவிடாதீர்கள். கோட்டுக்கு வெளியே கிடக்கும் சருகையும் விட்டுவிடுங்கள். ஆற்றோர நிழலில் அது ஈரமாகவே இருக்கும், அதை நம்பிப் பல்லியும் தவளையும் ஆமையும் இருக்கின்றன.

பருவத்தை மதித்து வேலையைத் திட்டமிடுவது நமக்குப் புதிதல்ல. உங்களுக்குப் பக்கத்திலேயே இரவிகுளத்தில், வரையாடுகள் குட்டி ஈனும் காலத்துக்காக ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவையே பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள்.

கரும்புக்காடு (கோவில்கடவு)

நான் கரும்பு பயிரிடுபவன். திடலை எவ்வளவு காத்தாலும், பக்கத்து வயலில் நாங்கள் சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலையை, எரித்தால் பொறி பறந்து வரும் என்பதை மறைக்க விரும்பவில்லை. வெல்லம் காய்ச்சுவதற்குச் சக்கை பயன்படுகிறது. சோகைக்கு அப்படி ஒரு பயன் இல்லாததால் எரிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று ஆண்டுகளாக நான் அதை மறுதாம்புப் பயிரின் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் கரும்பின்) வரிசைகளுக்கு இடையே பரப்பி வருகிறேன்; ஈரம் நிற்கிறது, களையும் குறைந்திருக்கிறது. எல்லோரும் உடனே மாற மாட்டார்கள். ஆகவே அறுவடை நாள்களை ஆலைக்கொட்டகையில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். யார் வயலில் எரிக்கப் போகிறார்கள் என்பது முன்பே தெரிந்தால், அன்று உங்களில் இருவர் அந்த எல்லையில் நிற்கலாம்.

பாம்பாற்றங்கரை (மறையூர்)

மூவருக்கும் எங்கள் குழுவின் நன்றி. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நடந்து பார்ப்பது, ஜனவரி முடிவதற்குள் செதுக்கி முடிப்பது, அதன் பிறகு கூட்டுவது மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். பலகை வைப்பது பற்றி ஆலைக்காரர்கள் இருவரிடம் பேசிவிட்டேன், ஒருவர் ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஓர் ஐயம் உள்ளது. திடலின் ஓரத்தில் அடிமரம் பொந்தாகிப்போன பழைய புளியமரங்கள் நான்கு நிற்கின்றன. தீ ஆபத்து என்று அவற்றை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டத்தான் வேண்டுமா?

அமராவதிப் பழையவர் (உடுமலை)

வெட்ட வேண்டாம் தம்பி. பொந்து மரத்தில் தீ புகுந்தால் புகைபோக்கி போல உள்ளேயே நாள்கணக்கில் கனன்று, அணைந்துவிட்டது என்று நாம் வீட்டுக்குப் போன பிறகு பொறியை உமிழும் என்பது உண்மைதான். ஆனால் ஆந்தையும் மைனாவும் குடியிருக்கும் வீடு அது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் இரண்டு மீட்டர் வட்டத்துக்கு மண் தெரியச் செதுக்குங்கள். பொந்துக்குள் சேர்ந்திருக்கும் சருகை நீண்ட கோலால் வெளியே இழுத்துவிடுங்கள். கையை விடாதீர்கள், விரியன் இருக்கும். மண்வெட்டியை வைப்பதற்கு முன் வேர் மடிப்புகளையும் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு நட்சத்திர ஆமை ஒதுங்குவது அங்கேதான். காலை ஏழரைக்கு முன்பு அந்த ஓரத்துக்குப் போக வேண்டாம். இரவில் ஆற்றுக்கு இறங்கிய யானை திரும்பிப் போயிருக்கிறதா என்பதைத் தடத்தையும் லத்தியின் சூட்டையும் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.