நீச்சல் குளமும் மகளின் கண் எரிச்சலும்: புதுப்பிப்பு

பாளையங்கோட்டையில் நீச்சல் பழகும் என் மகளுக்குக் கண் சிவந்து எரிகிறது என்றும், குளத்தில் குளோரினை அளவுக்கு மீறிக் கொட்டுவதே காரணம் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதில் பாதி தவறு, திருத்திக்கொள்கிறேன்.

மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுடையது; கண்ணை உறுத்துபவையும் பெரும்பாலும் அவையே. ஆகவே நெடி கூடிய நாளில், கிருமியைக் கொல்லும் குளோரின் உண்மையில் குறைந்திருக்கவும் கூடும்.

பராமரிப்பவரிடம் கேட்டு, சோதனைக் குப்பியில் குளத்து நீரை எடுத்துச் சோதனைத் திரவத்தின் சிவப்புத் துளிகளை விட்டபோது, அது இளஞ்சிவப்பாகாமல் மஞ்சளாக நின்றது. 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டிய பிஎச் அளவு (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 6.8க்கு இறங்கியிருந்தது; கண்ணீரின் அளவோ ஏறக்குறைய 7.4 என்பதால் அந்த நீரும் கண்ணை உறுத்தியிருக்கும். அவர் மறுநாளே அதைச் சரிசெய்தார்.

இப்போது மகள் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே இறங்குகிறாள். நன்கு பொருந்தும் நீச்சல் கண்ணாடி அணிகிறாள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவுகிறாள். எரிச்சல் பெரிதும் தணிந்துவிட்டது. ஆச்சி சொன்ன விளக்கெண்ணெயை மட்டும் கண்ணில் விட நான் சம்மதிக்கவில்லை.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டே நீந்த வேண்டும். லென்ஸுக்கு அடியில் தங்கும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிரி கருவிழியையே அரித்துவிடும். வலியோ, வெளிச்சத்தில் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.