முதல் பேபி குவில்ட்: மேல்துணி திரண்டுகொள்கிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம். தங்கைக்கு இது எட்டாம் மாதம். பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்று அம்மா முணுமுணுக்கிறாள். நான் வாங்கவில்லை, குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைக்கத்தானே செய்கிறேன்!

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளில் 5 இஞ்ச் சதுரங்கள் 64 வெட்டினேன். எட்டுக்கு எட்டு, 40 இஞ்ச் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கால் இஞ்ச் தையல் ஒவ்வொரு சதுரத்திலும் அரை இஞ்ச்சை விழுங்கிவிட, வந்தது முப்பத்தாறரை. சரி, தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட அது போதும். தூக்கத்தில் போர்த்துவதற்கு இல்லை.

சிக்கல் இனிதான். நடுவில் பருத்திப் பஞ்சு விரிப்பு, அடியில் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பித்தேன். மெஷினின் பல் அடித்துணியை இழுக்கிறது, மேல்துணி பின்தங்குகிறது. கோடு முடியும் இடத்தில் விரல் பருமனுக்கு மடிப்பு. இரண்டு முறை பிரித்தாயிற்று, சுங்குடி இனித் தாங்காது.

ஊக்குகளை ஒரு சாண் இடைவெளியில் குத்தியிருந்தேன். அது அதிகமோ? நடுவிலிருந்து வெளியே தைத்தால் சரியாகுமா? என்னுடையது காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின். அதற்கு வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்) பொருந்துமா, இல்லை கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுவிடவா?

அப்புறம், சிவப்புத் துண்டு நனைத்தால் இன்னும் சாயம் விடுகிறது. பக்கத்தில் வெள்ளை வேறு. மாற்றிவிடவா?

இது முடிந்தால் முக்கோணம் வைத்துத் தைக்க ஆசை. அதற்கு முன் எதில் கை பழக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.