வேற்றுக்கிரகவாசி முகத்துண்டு: பிசுபிசுப்பு, மறையாத விளிம்பு, உரியும் வண்ணம்

பச்சைமூக்கன் (கேள்வி):

குறும்படம் ஒன்றுக்காக நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு மூன்றையும் சேர்த்து மூடும் ஒரே சிலிக்கோன் துண்டாக ஒரு வேற்றுக்கிரகவாசியின் முகத்தைச் செய்திருக்கிறேன். நடிகரின் முகத்தை அல்ஜினேட்டில் (தண்ணீரில் கலந்தால் ரப்பர்போல் இறுகும் அச்சுத்தூள்) அச்செடுத்து, அதில் பிளாஸ்டரை ஊற்றி முகப்பிரதியைப் பெற்று, அதன்மேல் எண்ணெய்க் களிமண்ணால் உருவத்தை வனைந்து, அதற்கு எதிர் அச்சையும் ஜிப்சத்தில் எடுத்தேன். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே பிளாட்டினம் வகை சிலிக்கோனை (பிளாட்டினத்தை வினையூக்கியாகக் கொண்டு இறுகுவது) ஊற்றி, மென்மைக்காக டெட்னர் என்ற சேர்மானத்தையும் கலந்தேன். இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்ததாக எண்ணியிருந்தேன்.

அச்சைத் திறந்தபோது துண்டின் வெளிப்புறம் சில இடங்களில் தேன் தடவியதுபோல் பிசுபிசுத்தது. உட்புறமோ நன்றாகவே இறுகியிருந்தது. பிசுபிசுத்த இடங்களைத் துடைத்துவிட்டு, நீரில் கரையும் அக்ரிலிக் பசையால் ஒட்டிப் பார்த்தபோது, விளிம்பு ஒரு தாளின் கனத்திற்குத் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு மணி நேரத்தில் மூக்கின் இருபுறமும் பசை விட்டுவிட்டது. மேலே பூசிய அக்ரிலிக் வண்ணம், நடிகர் புருவத்தை உயர்த்தியவுடன் வெயிலில் காய்ந்த சுவர்ச்சாயம்போல் செதில்செதிலாக உதிர்ந்தது. பசையை மாற்றுவதா, வண்ணத்தை மாற்றுவதா, அல்லது சிலிக்கோனையே கைவிடுவதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

அச்சுப்பெட்டி:

பசையையும் வண்ணத்தையும் மாற்றுவதற்கு முன், நீங்கள் குறிப்பிடாமல் விட்ட ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. சிலிக்கோனை ஊற்றுவதற்கு முன்னால் அச்சின் இரு பாதிகளிலும் கேப் பிளாஸ்டிக் (உலர்ந்ததும் மெல்லிய படலமாகும் திரவப் பிளாஸ்டிக்) பூசினீர்களா? உங்கள் விவரிப்பில் அது எங்குமே இல்லாததால், பூசவில்லை என்றே கொள்கிறேன். அப்படியானால் விளிம்பு, பசை, வண்ணம் ஆகிய மூன்று குறைகளும் ஒரே குறைதான்.

இறுகிய சிலிக்கோனின்மேல் இன்னொரு சிலிக்கோனைத் தவிர ஏறத்தாழ எதுவும் நிலையாகப் பிடிக்காது. அக்ரிலிக் பசை உங்கள் நடிகரின் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும், துண்டைத்தான் பிடித்திருக்காது. உதிர்ந்த வண்ணத்திற்கும் காரணம் அதுவே. இரு பாதிகளிலும் கேப் பிளாஸ்டிக்கை மெல்லிய படலங்களாக மூன்று நான்கு முறை பூசி, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, அதன் பிறகு சிலிக்கோனை ஊற்றினால், மெத்தையை உறை மூடுவதுபோல் அந்தப் பிளாஸ்டிக் படலம் மென்மையான சிலிக்கோனை இருபுறமும் மூடிக்கொள்ளும். அந்த உறையின்மேல் அக்ரிலிக் பசையும் பிடிக்கும், ஆல்கஹாலில் கரையும் ஒப்பனை வண்ணங்களும் பிடிக்கும்.

விளிம்பு கரைவதும் இந்த உறையால்தான். துண்டை ஒட்டி முடித்தபின் ஆல்கஹாலில் நனைத்த சிறு தூரிகையால் விளிம்பிலிருந்து தோலை நோக்கி மெல்ல இழுத்தால், உறையின் ஓரம் கரைந்து தோலோடு படிந்துவிடும். வெறும் சிலிக்கோனை எதைக் கொண்டும் அப்படிக் கரைக்க முடியாது. அசிட்டோனில் கரையும் கேப் பிளாஸ்டிக்கும் உண்டு. ஆனால் உங்கள் துண்டின் விளிம்பு கண்ணுக்கு மிக அருகில் வருவதால், ஆல்கஹாலில் கரையும் வகையையே எடுங்கள். இமையோரம் அசிட்டோன் தூரிகையைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

இருந்தாலும், கனமான விளிம்பை உறை மட்டும் காப்பாற்றிவிடாது. முகப்பிரதியின்மேல் களிமண் உருவத்தைச் சுற்றிச் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதற்கு அப்பால் இன்னொரு களிமண் பட்டையை இட்டீர்களா? எதிர் அச்சை எடுக்கும்போது அந்த இடைவெளியில் மட்டுமே ஜிப்சம் பிளாஸ்டரை நேராகத் தொடும். மூடி அழுத்தும்போது உபரிச் சிலிக்கோன் பட்டை இருந்த பள்ளத்திற்குள் வழிந்துவிட, விளிம்பு ஊதினால் பறக்கும் அளவுக்கு மெலியும். பட்டை இல்லாவிட்டால் வழிய இடமில்லாத சிலிக்கோன் அச்சையே தூக்கிப் பிடித்துவிடும். நீங்கள் கண்ட தாள் கனம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

மெழுகுவிரல்:

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன், ஆனால் பிசுபிசுப்பு வேறு கதை. டெட்னர் மிகுதியாகக் கலந்த சிலிக்கோன் இயல்பாகவே சற்று ஒட்டும் தன்மையுடையது. அந்த ஒட்டல் உள்ளும் புறமும் ஒரே சீராக இருக்கும், விரலை எடுத்தால் விரலில் எதுவும் வராது. உங்களுடையது அப்படி இல்லை: வெளிப்புறத்தில் மட்டும், அதுவும் திட்டுத்திட்டாக, துடைத்து எடுக்கும் அளவுக்கு ஈரமாக இருந்திருக்கிறது. அது சிலிக்கோன் இறுகாமல் தடுக்கப்பட்டதன் அடையாளம்.

பிளாட்டினம் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகவே ஆகாது. எண்ணெய்க் களிமண்ணில் கந்தகம் கலந்த வகையும் உண்டு, கலக்காத வகையும் உண்டு. பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல் வாங்கினால் பெரும்பாலும் முதல் வகைதான் கையில் வந்து சேரும். வெளிப்புறத்தைத் தொட்டது களிமண் படிந்திருந்த எதிர் அச்சு, உட்புறத்தைத் தொட்டது சுத்தமான முகப்பிரதி. உங்கள் திட்டுகள் எல்லாம் நெற்றிச் சுருக்கங்களின் ஆழத்தில், அதாவது தூரிகை எட்டாத பள்ளங்களில் இருந்தால், ஐயமே வேண்டாம். கலக்கும்போது லேடெக்ஸ் கையுறை அணிந்திருந்தீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதிலும் கந்தகம் உண்டு என்பதால் நான் நைட்ரைல் அல்லது வினைல் கையுறையையே அணிகிறேன்.

கேப் பிளாஸ்டிக் ஓரளவு தடுப்பாக நிற்கும். அதை நம்பி அழுக்கு அச்சில் ஊற்றாதீர்கள். அச்சை நன்கு கழுவி, உலரவிட்டு, தெளிந்த அக்ரிலிக் பூச்சால் மூடி, ஒரு தேக்கரண்டிச் சிலிக்கோனை மட்டும் மிக ஆழமான சுருக்கத்தில் விட்டு ஓர் இரவு பொறுத்துப் பாருங்கள். அது முழுமையாக இறுகினால் மட்டுமே மீதியைக் கலக்குங்கள்.

ரப்பர்தோல்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று பகுதிகளையும் ஒரே துண்டாகச் செய்ததே எனக்கு உறுத்துகிறது. அகன்ற துண்டில் ஓரிடம் விட்டால் அந்த இழுப்பு எல்லா இடங்களையும் விடச் செய்யும். தனித்தனித் துண்டுகளை ஒன்றின் ஓரத்தின்மேல் இன்னொன்று படியும்படி ஒட்டும் முறையைப் பரவச் செய்தவர் ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித். 1970-இல் வெளிவந்த ‘லிட்டில் பிக் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மனை 121 வயது முதியவராக்கியது அந்த முறைதான். நெற்றி தனி, மூக்கு தனி, கன்னங்கள் தனி என்று பிரித்தால், ஒன்று கெட்டாலும் அதை மட்டும் மறுபடி வார்த்துக்கொள்ளலாம்.

கனத்தையும் சோதியுங்கள். வேற்றுக்கிரகவாசி என்றவுடன் நெற்றியிலும் கன்னத்திலும் களிமண்ணை அப்பிவிடுகிறோம். அடியில் எலும்பு இருக்கும் இடங்களில் எவ்வளவு உயர்த்தினாலும் பாதகமில்லை, ஆனால் புருவ மத்தியிலும் மூக்கோரத்து மடிப்பிலும் கனம் கூடினால் நடிகர் உள்ளே அழுதாலும் வெளியே தெரியாது. களிமண் நிலையிலேயே ஒரு மெல்லிய ஊசியைப் பிளாஸ்டரில் முட்டும்வரை குத்தி, எவ்வளவு தூரம் இறங்கியது என்று நகத்தால் அடையாளம் வைத்து அளந்துவிடுவேன். அசையும் இடங்களில் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் வழித்து எடுத்துவிடுவேன்.

தலையையும் கழுத்தையும் முழுவதும் மூட வேண்டிய உருவமாக இருந்திருந்தால், எடை கருதி ஃபோம் லேடெக்ஸைத்தான் (நுரையாக்கிச் சுட்டெடுக்கும் இலகுவான ரப்பர்) பரிந்துரைத்திருப்பேன். ஆனால் அதைச் சுமார் 85 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும். அதற்கென்றே ஒதுக்கிய அடுப்பு வேண்டும். சமைக்கும் அடுப்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது. உங்கள் அளவு துண்டுக்கு அந்தப் பாடு தேவையில்லை.

பச்சைமூக்கன்:

அனைவருக்கும் நன்றி. கேப் பிளாஸ்டிக் பூசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது வழுக்கைத் தலைக்கான தொப்பி செய்ய மட்டுமே என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். களிமண் பொட்டலத்தைத் தேடிப் பார்த்ததில், கந்தகம் இல்லை என்ற குறிப்பு அதில் எங்குமே இல்லை. கழுவிய அச்சில் ஒரு தேக்கரண்டி சோதனை வைத்தேன், காலையில் சுருக்கங்களின் வரிகூடப் பிசகாமல் உலர்ந்த துண்டாக வந்தது. இனி மூன்று துண்டுகளாகவே செய்யப்போகிறேன். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது: கடந்த முறை துண்டை இழுத்து எடுத்தபோது நடிகரின் கன்னம் சிவந்து, மறுநாள்வரை எரிந்தது. அது பசையின் ஒவ்வாமையா?

அச்சுப்பெட்டி:

இழுத்து எடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் கலந்த நீக்கியைத் தூரிகையில் தொட்டு விளிம்பின் அடியில் நுழைத்து, பசை தானாக விட்டுக்கொடுக்கும் வேகத்திலேயே முன்னேறுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். களைத்திருக்கும் நடிகர் தானே பிய்த்துக்கொள்ள முற்படுவார், விடாதீர்கள். ஒவ்வாமை இருக்கிறதா என்று அறிய, பசையிலும் நீக்கியிலும் ஒவ்வொரு பொட்டு முழங்கையின் உட்புறத்தில் வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அடுத்த முறை ஒட்டும்போது, பசையைத் துண்டிலும் தோலிலும் பூசி, அதன் வெண்மை மறைந்து கண்ணாடிபோல் தெளிந்த பிறகே அழுத்துங்கள். வெள்ளையாக இருக்கும்போதே அழுத்தினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு, மூக்கின் ஓரம் முன்புபோலவே முதலில் விடும்.