அவசரம்: மணல்ல சிக்கிட்டோம், 4எல் போட்டும் வண்டி நகரல

சாலைப்பித்தன் | மாலை 3.48
வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. ஃபோர் வீல்ல மெதுவா, பலமா இழுக்கிற 4எல் போட்டாச்சு, காத்தும் குறைச்சாச்சு, அப்படியும் நகர மாட்டேங்குது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க கீழதான் போகுது. என்ன பண்ணணும்னு யாராவது சீக்கிரம் சொல்லுங்க. போன்ல சார்ஜ் 34 சதவீதம்தான் இருக்கு.

நெம்புகோல் | 3.51
முதல்ல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. வண்டி நகராம சக்கரம் மட்டும் சுத்துச்சுன்னா அது குழி தோண்டுதுன்னுதான் அர்த்தம். அப்புறம் இதுக்கெல்லாம் பதில் போடுங்க: என்ன வண்டி? காத்து எவ்வளவுல இருந்து எவ்வளவுக்கு இறக்கினீங்க? எவ்வளவு ஆழம் புதைஞ்சிருக்கு? கூட வேற வண்டி இருக்கா? குடிக்கத் தண்ணி?

தூசிமேகம் | 3.53
4எல் எதுக்கு போட்டீங்க? மணலுக்கு நாலு சக்கரமும் வேகமா ஓடுற 4ஹெச், ரெண்டாவது கியர், இன்ஜின் சுத்தை (ஆர்பிஎம்) நல்லா ஏத்திப் போகணும். வேகம் செத்தா வண்டியும் செத்துச்சு.

பல்சக்கரம் | 3.56
நின்னுபோன வண்டிக்கு வேகம் எங்க இருந்து வரும்? ஓடிட்டு இருக்கும்போது 4ஹெச் சரி. புதைஞ்சு நிக்கும்போது 4எல்தான். சின்ன இன்ஜினை 4ஹெச்ல வெச்சு கிளப்பினா கிளட்ச்தான் போகும்.

பாலைவழி (மூத்த உறுப்பினர்) | 3.58
மணலில் இறங்கும் முன் கற்க வேண்டியதை இறங்கிய பின் கேட்கிறார்கள். இந்தப் பகுதியின் மேலேயே விளக்கம் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. படிக்க ஆளில்லை. தம்பி, ஓட்டத் தெரிந்தவனுக்கு டயர் காற்று ஒரு பொருட்டே இல்லை. உந்துவேகத்தை விடாமல் காக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

செம்புலம் | 4.00
அவர் நடு மணல்ல நிக்கிறார் சார், மேல ஒட்டினதைப் படிக்கிற நேரமா இது? சாலைப்பித்தன், எங்க இருக்கீங்கன்னு வீட்டுல ஒருத்தருக்கு இப்பவே இடத்தை அனுப்பிடுங்க. சார்ஜ் தீர்ந்த பிறகு அனுப்ப முடியாது.

சாலைப்பித்தன் | 4.04
அனுப்பிட்டேன் அக்கா. வண்டி சுசூகி ஜிம்னி, சின்ன ஜீப் மாதிரி, மேனுவல் கியர். நானும் தம்பியும் மட்டும்தான், வேற வண்டி இல்ல. தண்ணி 5 லிட்டர் கேன் ரெண்டு இருக்கு. பின் சக்கரம் ரிம் பாதி வரைக்கும் உள்ள போயிருச்சு. மேட்டுல ஏறும்போது பாதியில திணறுச்சு, திருப்பி இறக்கிடலாம்னு ஸ்டியரிங்கை ஒடிச்சேன், அங்கயே உக்காந்துருச்சு. காத்து கொஞ்சம் இறக்கினேன். அளக்க ஒண்ணும் இல்ல, குத்துமதிப்பா.

நெம்புகோல் | 4.07
திரும்ப காத்தடிக்க பம்பு இருக்கா? அது இல்லாம மேல இறக்கச் சொல்ல மாட்டேன்.

சாலைப்பித்தன் | 4.08
சிகரெட் லைட்டர்ல செருகுற சின்ன பம்பு இருக்கு.

நெம்புகோல் | 4.09
அப்ப அளக்கவும் அதுவே போதும். வால்வுல மாட்டுங்க, அதோட மீட்டர்ல முள் எங்க நிக்குதுன்னு பாருங்க.

ஈரமணல் | 4.10
10 லிட்டர் தண்ணி இருக்குல்ல? சக்கரத்துக்கு முன்னாடி ஊத்துங்க. நனைஞ்ச மணல் கெட்டியாயிடும், நான் அப்படித்தான் ஒரு தடவை வெளிய வந்தேன்.

செம்புலம் | 4.11
தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. ஈர மணல் கெட்டிங்கறது உண்மை, மணல் துகளுக்கு நடுவுல இருக்கிற நீர்தான் ஒண்ணோட ஒண்ணைப் பிடிச்சு வைக்குது. அதனாலதான் பனி இறங்கின விடியக்காலையில மணல் இறுகி இருக்கும். ஆனா நாலு சக்கரத்துக்கும் 10 லிட்டர் எந்த மூலைக்கு? அது ரெண்டு பேர் குடிக்கிற தண்ணி. ராத்திரி அங்கயே தங்க வேண்டி வந்தா வேற வழி கிடையாது.

சாலைப்பித்தன் | 4.13
மீட்டர் 26 காட்டுது. நாலுலயும் கிட்டத்தட்ட அதே.

நெம்புகோல் | 4.14
அதான் விஷயம். நீங்க காத்தே இறக்கலை. 26ங்கிறது ரோட்டுல ஓடுற காத்து. நாலு டயரையும் 13 பிஎஸ்ஐக்கு கொண்டாங்க. வால்வு நடுவுல இருக்கிற ஊசியை சாவி முனையால அழுத்திப் பிடிச்சு, நடுநடுவுல பம்பை மாட்டிப் பாருங்க. ஊசியில மணல் சிக்கினா காத்து கசிஞ்சுட்டே இருக்கும், அதனால வால்வு மூடியை சட்டைப் பையில பத்திரமா போட்டுக்கோங்க.

அளவுகோல் | 4.19
26க்கும் 13க்கும் என்ன வித்தியாசம்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். வண்டி 1,100 கிலோ சுமாருக்கு. ரெண்டு ஆள், சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,300னு வெச்சா ஒரு டயர் மேல 325 கிலோ. 26 பிஎஸ்ஐன்னா சதுர செ.மீ.க்கு 1.83 கிலோ. 325ஐ 1.83ஆல வகுத்தா 178 சதுர செ.மீ. ஒரு டயர் மணலைத் தொடுற இடம் அவ்வளவுதான், விரிச்ச கை அளவு. 13க்கு இறக்கினா அது 356 ஆகும். டயரோட விறைப்புனால கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், ஆனா ஏறக்குறைய ரெண்டு மடங்கு. டயர் அகலத்துல விரியறது கொஞ்சம்தான், நீளவாக்குலதான் படியும். முன்னாடி குவியுற மணலை முட்டித் தள்ளாம மேல ஏறிப் போறதுக்கு அந்த நீளம்தான் உதவுது.

தூசிமேகம் | 4.21
13 ரொம்பக் குறைவு. ரிம்மை விட்டு டயர் கழண்டுக்கும். 18 போதும்.

நெம்புகோல் | 4.23
கனமான வண்டிக்கு 18 சரி. இது இலகு வண்டி, 13 தாங்கும். ஆனா 13ல ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கக் கூடாது, வேகமும் கூடாது. பக்கவாட்டுல இழுபட்டாதான் ரிம் விளிம்புல இருந்து டயர் நழுவும். சாலைப்பித்தன், முன் சக்கரம் இப்ப நேரா இருக்கா, திரும்பி நிக்குதா?

சாலைப்பித்தன் | 4.24
இடது பக்கம் முழுசா திரும்பித்தான் இருக்கு. சுத்துறது இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும்தான், மத்த ரெண்டும் சும்மா நிக்குது. ஃபோர் வீல் வேலை செய்யலையா?

பல்சக்கரம் | 4.27
வேலை செய்யுது, பயப்படாதீங்க. முன்னுக்கும் பின்னுக்கும் சக்தி சமமாத்தான் போகுது. ஆனா ஒவ்வொரு ஆக்சில்லயும் ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சு விடுற டிஃபரன்ஷியல் திறந்த வகை, அதனால எந்தப் பக்கம் பிடிப்பு இல்லையோ அந்தப் பக்கம் சுத்தும். மூலைக்கு மூலை சுத்துறது அதனாலதான். 4எல்ல சுத்துற சக்கரத்துக்கு வண்டியே பிரேக் போட்டு எதிர்ப்பக்கம் சக்தியை அனுப்பும். 'டக்டக்'னு சத்தம் வரும், பயந்து காலை எடுத்துடாதீங்க. மெதுவா, ஒரே சீரா கொடுத்தா ரெண்டு மூணு நொடியில பிடிக்கும். நீங்க விட்டு விட்டு மிதிச்சிருப்பீங்க. கிளட்ச் கருகின வாடை வந்துச்சா?

சாலைப்பித்தன் | 4.28
வந்துச்சு.

பல்சக்கரம் | 4.29
அப்ப அரை மணி நேரம் ஆறட்டும். அதுக்குள்ள தோண்டுங்க.

நெம்புகோல் | 4.35
தோண்டுறதைப் பத்தி விளக்கமா எழுதுறேன், ஏன்னா எல்லாரும் தப்பு பண்றது இங்கதான்.

குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில பாருங்க. பின் ஆக்சில் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை மணல் மேல உக்காந்திருக்கும். அது உக்காந்திருக்கிற வரைக்கும் வண்டி பாரத்துல ஒரு பங்கை அதுதான் தாங்குது, சக்கரத்துக்கு பாரம் வரல. பாரம் இல்லாத சக்கரத்துக்கு பிடிப்பு கிடையாது. அதனால முதல்ல அந்த உருண்டைக்கும் ஆக்சிலுக்கும் கீழ கையை விட்டு மணலை வாரி வெளிய எடுங்க. நடுவுல வெளிச்சம் தெரியணும்.

அப்புறம் சக்கரங்கள். காய்ஞ்ச மணல் 30, 34 டிகிரிக்கு மேல சரிவா நிக்காது, செங்குத்தா குழி வெட்டினா வெட்ட வெட்ட தண்ணி மாதிரி உள்ளயே ஓடி வரும். அதனால ஆழமா வெட்டாதீங்க, நீளமா சாய்ச்சு வெட்டுங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னாடி ஒரு மீட்டர் நீளத்துக்கு, சக்கரத்தோட அடியில ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறுற மாதிரி. வாரின மணலை பக்கத்துலயே குவிக்காம தள்ளிப் போடுங்க. மண்வெட்டி இல்லைன்னா தட்டு, மூடி எதுனாலும் சரி.

வெளிய வர்றது ரிவர்ஸ்ல. பின்னாடி நீங்க வந்த தடம் ஏற்கெனவே அழுந்தி இறுகி இருக்கு, போதாததுக்கு இறக்கமும் அந்தப் பக்கம்தான். முன் சக்கரத்தை நேரா ஆக்கிட்டுதான் கிளப்பணும். திரும்பி நிக்கிற சக்கரம் ஏர் மாதிரி மணலை உழும்.

கால் மிதியடியை சக்கரத்துக்கு அடியில செருகினா, தம்பியை முன்னாலயும் பின்னாலயும் நிக்க விடாதீங்க, பக்கவாட்டுல தள்ளி நிக்கட்டும். சக்கரம் அதைப் பறிச்சு வீசும்.

செம்புலம் | 4.37
இன்னொண்ணு, புகைக்குழாய் வாயில மணல் அடைச்சிருக்கான்னு பாருங்க. அடைச்சிருந்தா ஏசி போட்டு உள்ள உக்கார வேண்டாம்.

சாலைப்பித்தன் | 4.38
சரி. தோண்டப் போறோம். சார்ஜ் 21.

பாலைவழி (மூத்த உறுப்பினர்) | 4.46
இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட் லிபியப் பாலைவனத்தின் மணற்கடலுக்குள் ஃபோர்டு மாடல் ஏ கார்களை ஓட்டிச் சென்றார். பின் சக்கரம் மட்டும் இயங்கும் கார்கள். நாலு சக்கர உந்தும் இல்லை, மின்னணுப் பிரேக்கும் இல்லை. மணலைக் கண்ணால் படிக்கத் தெரிந்திருந்தது. இன்றைய தலைமுறைக்கு அந்தப் பொறுமை இல்லை.

அளவுகோல் | 4.52
பேக்னால்ட் விஷயத்துல பாதியை விட்டுட்டீங்க சார். டயர் காத்தை இறக்கி மணல்ல ஓட்டுறதை ஒரு முறையாவே ஆக்கினவர்கள்ல அவரும் ஒருத்தர். காத்து பொருட்டே இல்லைன்னு சொல்லிட்டு அவரையே சாட்சிக்கு கூப்பிட முடியாது. அவரோட வண்டியிலயும் இரும்புத் தகடு இருந்துச்சு. முதல் உலகப் போர்ல பதுங்குகுழிக் கூரைக்குன்னு செஞ்ச தகடு அது, புதைஞ்ச பின் சக்கரத்துக்கு அடியில போட்டுத்தான் வெளிய எடுத்தாங்க. அவருமே புதைஞ்சார், தோண்டினார்.

தூசிமேகம் | 4.55
ஆனா உந்துவேகம் முக்கியம்னு பாலைவழி சொன்னது தப்பில்லையே. 1940ல பேக்னால்ட் உருவாக்கின பாலைவனப் படையும் ரெண்டு சக்கர உந்து செவர்லே லாரியிலதான் போச்சு.

பல்சக்கரம் | 4.58
லாரியில ஆளுங்க நிறைய, தகடு நிறைய, ஒண்ணு புதைஞ்சா இழுக்க இன்னொண்ணு. இங்க இருக்கிறது ஒத்த வண்டி, ரெண்டு பேர், சுமார் 130 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). அந்த டார்க்கும் 4,000 ஆர்பிஎம்ல வந்து சேருது. 4எல் போட்டா சக்கரத்துக்கு அது ரெண்டு மடங்கா போகும். அதனாலதான் 4எல்ங்கிறேன்.

தூசிமேகம் | 5.01
4எல்ல கியர் மாத்தறதுக்குள்ள வண்டி நின்னுடும். மேட்டுல ஏற 4ஹெச்தான்.

பாலைவழி (மூத்த உறுப்பினர்) | 5.03
தகட்டைப் பற்றி எனக்கும் தெரியும். கேள்வி அதுவல்ல. இந்தப் பிள்ளை மேட்டின் பாதியில் வண்டியைத் திருப்பினார். மேட்டில் ஏற முடியாவிட்டால் திருப்பாமல் ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். சரிவில் குறுக்கே நின்றால் வண்டி உருளும். இதைக் காற்று காப்பாற்றாது.

செம்புலம் | 5.06
சார், இந்த ஒண்ணை நீங்க முதல் பதிவுலயே சொல்லியிருக்கலாம். மத்தவங்க 4எல், 4ஹெச் சண்டையை வேற இழையில வெச்சுக்கோங்க. அவர் போனைத் திறந்தா முதல்ல கண்ணுல படுறது தேவையானதா இருக்கணும். சாலைப்பித்தன், வண்டி குறுக்கா சாய்ஞ்சு நிக்குதுன்னா மேட்டுப்பக்க சக்கரத்துக்கு அடியில நிறைய எடுங்க, தாழ்ந்த பக்கத்துல எடுக்காதீங்க. தம்பி தாழ்ந்த பக்கம் நிக்கவே கூடாது.

ஈரமணல் | 6.02
ஏதாவது தகவல் உண்டா?

நெம்புகோல் | 6.20
ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சாலைப்பித்தன், ஒரு எழுத்து போட்டா போதும். கிளம்ப முடியலைன்னா வண்டியை விட்டுட்டு நடக்காதீங்க. தேடி வர்றவங்க கண்ணுக்கு ஆளை விட வண்டிதான் சீக்கிரம் தெரியும்.

செம்புலம் | 6.41
யாராவது இழுக்க வந்தா டோ பால்ல (டிரெய்லர் மாட்டுற உருண்டை) கயிறு மாட்ட விடாதீங்க. அது தெறிச்சா உயிரையே எடுக்கும். சட்டத்தோட சேர்ந்த கொக்கியில மட்டும்தான் மாட்டணும்.

சாலைப்பித்தன் | 7.14
வெளிய வந்துட்டோம். 13தான். வண்டி பெருசா சாயல, பின்னாடி இறக்கம்தான் இருந்துச்சு. தோண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா ரிவர்ஸ் போட்டதும் டக்டக்னு நாலு தடவை அடிச்சுட்டு தானா ஏறி வந்துருச்சு, தம்பி தள்ளக்கூட இல்ல. இப்ப ரோட்டோரம் காத்தடிச்சிட்டு இருக்கோம். எல்லாருக்கும் நன்றி. சார்ஜ் 4.

தூசிமேகம் | 7.16
சந்தோஷம்! 4எல்லா, 4ஹெச்சா?

பல்சக்கரம் | 7.17
டக்டக்னு அடிச்சுச்சுங்கிறாரே, அதுலயே தெரியலையா?

நெம்புகோல் | 7.19
நல்லது. ரோட்டுல ஏறும் முன்னாடி பின் சக்கரம் மட்டும் இழுக்கிற 2ஹெச்சுக்கு மாத்திடுங்க. சின்ன பம்பு சீக்கிரம் சூடாகும், ரெண்டு டயர் அடிச்சதும் பத்து நிமிஷம் ஆற விட்டு மத்த ரெண்டை அடிங்க. இன்ஜின் ஓடிட்டே இருக்கட்டும், இல்லைன்னா பேட்டரி இறங்கிடும்.