ஜூன் 12 காலை ஒரு மணி நேரம்: நான்கு தலைப்பா, ஒன்றா?

கடைமடை:
நாகைக் கடலோரத்தில் இயங்கும் ஒரு சமுதாய வானொலியை மனதில் வைத்துப் போட்ட நிரல் இது. காலை 8 முதல் 9 வரை, நேயர் அழைப்போடு நேரலை. 8.00 மேட்டூர் அணை திறப்பு, 8.15 மீன்பிடித் தடைக்காலம் முடிவு, 8.30 பொறியியல் கலந்தாய்வு, 8.45 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். நான்குமே அந்தத் தேதியை ஒட்டியவை. உழவர், மீனவர், மாணவர், பெற்றோர் என யாரும் விடுபடவில்லை. குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஒலித்தட்டு:
நிமிடக் கணக்குப் பார்த்தால் இது தாங்காது. 15 நிமிடத்தில் அறிமுகம் 2, வல்லுநர் பேச்சு 4, நிலைய அறிவிப்பும் விளம்பரமும் 2. மிச்சம் 7. ஒரு நேயர் பெயரும் ஊரும் சொல்லி, கேள்வி கேட்டு, பதில் வாங்க 2 நிமிடம் வேண்டும். அதிகம் போனால் மூன்று பேர். நாலாவது ஆள் இணைப்பில் காத்திருக்கும்போதே தலைப்பு மாறிவிடும். அவர் மறுபடி கூப்பிட மாட்டார்.

மேட்டூர் ஒன்றுக்கே முழு மணி நேரமும் கொடுக்கலாம். அணையின் 120 அடி உயரத்தில் இன்று நீர் எத்தனை அடி என்பதை எல்லாத் தொலைக்காட்சியும் சொல்லிவிடும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை உழவருக்கு வேண்டியது அதுவல்ல. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே சுமார் மூன்று நாள். அதற்குப் பிறகு ஆறு, கிளை வாய்க்கால், மதகு, வயலுக்குப் பாயும் சிறு கன்னி வாய்க்கால். ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் நெல் ரகத்தை ஜூன் 15இல் விதைத்தால் அக்டோபர் முதல் வாரம் அறுக்கலாம். தண்ணீர் பிந்தி ஜூலை 10இல் விதைத்தால் அக்டோபர் 28 ஆகிவிடும்; வடகிழக்குப் பருவமழையில் கதிர் சாய்ந்து நெல் முளைத்துப்போகும். இதை 15 நிமிடத்தில் பேச முடியுமா?

விதிநூல்:
எத்தனை தலைப்பு என்பதற்கு முன்னால், எதைப் பேசலாம் என்று பாருங்கள். தனியார் பண்பலையோ சமுதாய வானொலியோ, சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை; ஆகாசவாணிச் செய்தியைத்தான் எடுத்துத் தரலாம். 2011இல் வந்த மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, கல்விச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம், பேரிடர் பற்றிய தகவல்களைச் செய்தி அல்லாதவை என்று பிரித்தது. அந்த வேலிக்குள்தான் நிரல் போட வேண்டும்.

ஆகவே கலந்தாய்வுக்குத் தடையில்லை. முறைநீர் (முறைவைத்துத் தண்ணீர் விடுவது), விதை, உரம் பேசினால் அது வேளாண் நிகழ்ச்சி. கர்நாடகம் தண்ணீர் தந்ததா, எந்த ஆட்சியில் தூர்வாரினார்கள் என்று ஒரு நேயர் ஆரம்பித்தால் அரசியலாகிவிடும். தொகுப்பாளர் அப்போதே "உங்கள் வாய்க்காலில் இப்போது என்ன நிலை?" என்று திருப்பப் பழகியிருக்க வேண்டும். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் சேமித்து வைப்பது சமுதாய வானொலிக்குக் கட்டாயம். நேரலைப் பதிவைத் தேதியிட்டு வையுங்கள்.

கடைமடை:
ஒலித்தட்டு ஐயா, உங்கள் கணக்கு வயலுக்குச் சரி, கடலுக்குச் சரியில்லை. கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்காரர் 14ஆம் தேதி கேட்டு என்ன செய்வார்? டீசல், ஐஸ், வலை, ஆள் எல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். 12ஆம் தேதி பேசினால்தான் பயன். மேட்டூருக்காக அவரை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

உப்பங்கழி:
ஒரே தலைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் வானொலியை யாரும் முழு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதில்லை. அடுப்படியில் கொஞ்சம், டீக்கடையில் கொஞ்சம். எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலைப்பையும் விருந்தினர் யார் என்பதையும் தொலைபேசி எண்ணையும் திரும்பச் சொல்லாவிட்டால் இடையில் வந்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. வல்லுநரை மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசவிடவும் கூடாது.

ஒலித்தட்டு:
கடல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அதற்குத் தேதி முக்கியம்தான். அப்படியானால் இரண்டு தலைப்பு: மேட்டூர் 35 நிமிடம், கடல் 25. அதற்கு மேல் ஏற்க மாட்டேன். தலைப்பு மாறும்போதெல்லாம் அழைப்பெடுப்பவர் பழைய வரிசையைக் கலைத்துப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பெயர், ஊர், கேள்வி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி உள்ளே தர ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும். அவசரத்தில் "வானொலியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்" என்று சொல்ல மறப்பார்கள். அதில்தான் பாதி அழைப்பு கெடுகிறது. தகாத சொல்லை வெட்டுவதற்காக ஏழு நொடி தாமதம் வைத்திருந்தால், பக்கத்தில் ஓடும் வானொலியில் தன் குரலையே ஏழு நொடி கழித்துக் கேட்டு நேயர் திகைத்து நின்றுவிடுவார். அதே காரணத்துக்காக, தொலைபேசிக்குத் திரும்பப் போகும் ஒலியை தாமதத்துக்கு முன்னாலேயே எடுத்து, அவர் குரலை மட்டும் கழித்து மிக்ஸ்-மைனஸ் முறையில் அனுப்ப வேண்டும்.

விதிநூல்:
குழந்தைத் தொழிலாளர் தலைப்பை இரண்டு பேருமே நழுவவிட்டீர்கள். தனிப் பகுதி வேண்டாம், கடல் பகுதியிலேயே சேருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது மாதிரி மிகச் சில விலக்குகளே உண்டு. படகு கிளம்பும் வாரத்தில்தான் பையன்களைக் கூப்பிடுவார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ இரண்டு முறை சொல்லுங்கள்.

கடைமடை:
அதை ஏற்கிறேன். மேட்டூர் 32, கடல் 24 என்று மாற்றுகிறேன். ஆனால் கலந்தாய்வை விட மாட்டேன், 8.56க்கு நான்கு நிமிடம், அழைப்பு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப் போடும் முறையை ஓர் உதாரணத்தோடு சொல்லி, முதல் பட்டதாரிச் சான்றுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்ல அது போதும்.

ஒலித்தட்டு:
அழைப்பு இல்லை என்றால் மறுப்பில்லை. ஆனால் முன்பே பதிவு செய்து வையுங்கள். நேரலையில் கடல் பகுதி கண்டிப்பாக இழுக்கும், அந்த நான்கு நிமிடம்தான் பலியாகும்.